ஆறுதலாப் போங்கோ

வந்து உட்கார்ந்தே விட்டாள். பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போட்ட இடத்தில், வண்டியை விட்டவர்கள் செல்போன் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் இடத்தில், கைப்பையை மடியில் வைத்து முழங்காலைச் சேர்த்து, ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள் மாதிரி. சேவுகன் தலையை நிமிர்த்தவில்லை. ஸ்ப்ளெண்டரின் கிளட்ச் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த பழைய கேஸ்கெட்டை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். இவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகத்தான் பெண்டாட்டி அன்னலட்சுமி சொல்லியிருந்தாள். வீட்டில் என்றால் சமாளிக்கலாம். அன்னலட்சுமி காபி கொடுப்பாள், பேச்சை அங்கே இங்கே இழுப்பாள், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். பட்டறையில் எங்கே போவது. இது அவனுடைய இடம், பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்டு, திட்டவும் கத்தவும் சும்மா இருக்கவும் அவன் சம்பாதித்து வைத்திருக்கும் ஒரே இடம். இதற்குள் வந்து உட்கார இவளுக்கு யார் தைரியம் கொடுத்தது. அந்தப் பயலாகத்தான் இருக்கும். நிரோஜன். பேரைப் பார். மகள் ரேணுகா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன், அடித்துவிட்டுப் போகாமல் சேவுகன் பெண்ணின் மனசில் உட்கார்ந்துகொண்டான். இப்போது அவன் அம்மா, தவமலர், அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி வந்து டயர் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வந்ததும் கும்பிட்டாள். நிரோஜன்ர அம்மா, பிள்ளையளின்ர விஷயமாக் கதைக்க வந்தனான் என்றாள். கதைக்க. சேவுகன் கையில் வேலை இருக்கிறது என்று கையைக் காட்டினான். அந்த இடது கையைத்தான் காட்டினான், சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லாத கையை. வேண்டுமென்றே காட்டினானா, தெரியாது. அவள் அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. இல்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ரேணுகா அழுது ஊரைக் கூட்டுகிறவள் இல்லை. அதுதான் சிக்கல். ராத்திரிச் சோற்றுக்கு எதிரே உட்கார்ந்து, நீங்க வேண்டாம்னா வேண்டாம்ப்பா, நான் ஓடிப் போகவெல்லாம் மாட்டேன், ஏன் வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க, அது எனக்கு ஒப்புச்சுன்னா நானே அவர்கிட்டச் சொல்லிருவேன் என்றாள். அவர்கிட்ட. ஏன் என்றால் ஆயிரம் இருக்கிறது. ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் கையில் அள்ளித் தருவார்கள். அகதி. குடியுரிமை கிடையாது. என்ன ஆளோ என்ன கூட்டமோ. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அது எந்த நாட்டுப் பிள்ளை. மச்சான்காரன் போனில் வரிசையாகச் சொன்னான், ஒவ்வொன்றுக்கும் சேவுகன் ஆமா ஆமா என்றான், வைத்த பிறகு போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. அதில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. குடியுரிமையைப் பற்றி அவனுக்கு என்ன வந்தது. நாடு நாடு என்று போனவன் அவன், நாடு என்ன கொடுத்தது என்று அவனுக்குத் தெரியும். ஊர் கொடுத்தது ஒரு பேர், மிலிட்டரி. மிலிட்டரி, பிளக்கைக் கொஞ்சம் பாருங்க. மிலிட்டரி, கேன்டீன் ரம் ஒண்ணு கிடைக்குமா. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார், கொடியேற்றப் பட்டாளத்துக்காரர் வேண்டும் என்று. எந்தச் சண்டைங்கய்யா, கார்கிலா என்றார். சிலோன், அமைதிப்படை என்றான். வாத்தியார் முகம் அப்படியே நின்றது. பார்த்துச் சொல்றேன் என்று போனவர் போனவர்தான். போன இடத்தில் விரோதி, வந்த இடத்தில் துரோகி, பாகிஸ்தான்காரனோடு மோதியவனுக்கு மாலை, இவனிடம் கேட்பது ரம். சரி, அதையும் அவன் எப்போதோ மென்று விழுங்கிவிட்டான். விழுங்க முடியாதது ஒன்றுதான், அதைப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது. ஒரு வார்த்தைக்காக வேண்டாம் என்கிறேன் தாயி. அந்த ஆட்கள் பேசுகிற ஒரு வார்த்தை என் வீட்டுக்குள் கேட்கக் கூடாது. சொன்னால் சிரிப்பாள். சிரிக்கக்கூட மாட்டாள், டாக்டரிடம் கூட்டிப் போவாள்.

கிளட்ச் பிளேட்டுகளை வெளியே எடுத்தான். கருகிப்போயிருந்தன. வண்டிக்காரன் எப்போது பார்த்தாலும் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டுகிறவன், விடவும் மாட்டான் பிடிக்கவும் மாட்டான், எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது. புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறப் போட்டான். ஊறுகிற நேரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தால் அவள் பேசுவாள். அதனால் ஸ்பிரிங்குகளை எடுத்துத் தேவையில்லாமல் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். வெயில் தகரத்தில் ஏறிச் சடசடவென்று முறிகிற சத்தம். இடது காதில் எப்போதும் இருக்கிற அந்த விசில். லாரி ஒன்று போய்ப் புழுதி உள்ளே வந்தது, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, புழுதி அடங்கியதும் சொன்னாள். "அவசரமில்லை அண்ணை. நீங்கள் ஆறுதலாச் செய்து முடியுங்கோ."

சொல்லிவிட்டாள். ஒரு நாழிகைகூட ஆகவில்லை அவள் வந்து, அதற்குள் சொல்லிவிட்டாள். ஸ்பிரிங் கையிலிருந்து நழுவி பெஞ்சுக்கடியில் உருண்டது. குனிந்தான். குனிந்த இடத்தில், கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிய தரையில் முகத்தை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கைத் தேடினான். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில், மருதனார்மடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் பனையோலை வேலி, வேலிக்கு நடுவில் ஒரு தகரப் படலை. அவன் போன ரிகவரி வண்டி ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. முன்னால் போன ஜீப்பும் நின்றது, ஜீப்பில் இருந்தவர்கள் இறங்கித் துப்பாக்கியோடு நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். சேவுகன்தான் படலையைத் தட்டினான், தமிழ் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே. ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்மா என்றான். ஒரு பொம்பளை, இவன் அக்கா வயசிருக்கும், ஒன்றும் பேசாமல் கிணற்றில் இறைத்து வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். ஊற்றி முடிகிறவரை நின்றாள். வாளியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், ஆறுதலாப் போங்கோ தம்பி. ஆறுதலா. அவனுக்குத் தெரிந்த ஆறுதல் எழவு வீட்டில் சொல்கிற ஆறுதல். செத்தவன் வீட்டுக்காரனுக்குச் சொல்கிறது. நாங்கள் இன்னும் சாகவில்லையே, இவள் எதற்கு ஆறுதல் சொல்கிறாள், நக்கலா, என்று நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறினான். ஸ்டீரிங்கில் ஓம்வீர். என்ன சொன்னாள் என்று கேட்டான். தசல்லி என்றான் சேவுகன். அவனுக்குத் தெரிந்த இந்தியில் ஆறுதலுக்கு அதுதான் வார்த்தை, அம்மா செத்துப்போன சிப்பாய்க்கு சுபேதார் சொல்வாரே, அந்த வார்த்தை. தசல்லியாகப் போகச் சொல்கிறாள் என்றான்.

ஓம்வீர் சிரித்தான். முசாபர்நகர் பக்கம் கரும்புக்காட்டுக்காரன், எதற்கும் சிரிப்பான். அந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரு விளையாட்டு. அங்கே எதைக் கேட்டாலும் ஆமா என்பதற்கு ஓம் என்பார்கள். கடைக்காரன் ஓம், கிழவன் ஓம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓம் ஓம். பார்த்தியா மதராசி, இந்த ஊரில் எனக்கு முன்னாலேயே என் பேர் வந்து சேர்ந்துவிட்டது, எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெருவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கும்பிடு போடுவான். பயந்து நிற்கிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு சிரித்துவிடும். அந்த ஓம்வீர் அன்றைக்குத் தசல்லி என்று கேட்டதும் படலைப் பக்கம் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான். ஜீப் வேகமெடுத்துப் போய்விட்டது. ஓம்வீர் இரண்டாவது கியரிலேயே, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, பீடி இருக்கா என்று கேட்டுக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி. வேகமா போடா என்று சேவுகன் சொன்னான். சொன்னானா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. அதற்கப்புறம் ரோடு மேலே வந்தது. சத்தம் ஞாபகமில்லை, மண் ஞாபகமிருக்கிறது, வாய் நிறைய சுடுகிற மண். ஓம்வீர் இருந்த பக்கம் வண்டியே இல்லை.

விஷயம் அங்கே முடிந்திருந்தால் மனுசன் மறந்திருப்பான். ஆஸ்பத்திரியில் வலது கைக்கு ஒன்றும் ஆகாதிருந்தும் அவசரமாக அள்ளிச் சிந்திக்கொண்டிருந்தவனிடம் வார்டு பாய் சொன்னான், தசல்லி ஸே காவோ. மெதுவாகச் சாப்பிடு, அவசரமில்லை. அப்போதுதான் தெரிந்தது ஓம்வீர் ஏன் மெதுவாக ஓட்டினான் என்று. சரி, நான் ஒன்றைச் சொன்னேன், அவன் வேறொன்றாக எடுத்துக்கொண்டான், விதி என்று விட்டான். ஊருக்கு வந்து, பட்டறை போட்டு, ரேணுகாவும் பிறந்து, அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முகாமிலிருந்து வந்த ஒருத்தி பிள்ளைக்குப் பாலை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள், சுடும், ஆறுதலாக் குடி. ஆறுதலா. கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. டீக்கடைக்காரன் கோபித்தான். அப்படியானால் அவள் சொன்னது அதுதான். மெதுவாகப் போ. இவன் தமிழன், தமிழில் சொன்னது புரியவில்லை. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாத ஓம்வீருக்குப் புரிந்தது, புரிந்தபடி செய்தான், செத்தான். வேகமாகப் போன ஜீப் தப்பித்தது. வேலிக்குப் பின்னால் கண்ணிவெடி வயரைப் பிடித்துக்கொண்டு எவனோ உட்கார்ந்திருந்திருக்கிறான், அவனுக்கு வண்டி மெதுவாக வர வேண்டும், அதற்கு ஒருத்தி வாளியில் தண்ணீர் கொடுத்து, தம்பி என்று கூப்பிட்டு, ஆறுதலாப் போங்கோ என்று சொல்லி அனுப்பினாள். தண்ணீர் கொடுத்துக் கொன்றாள். இல்லையா? வேறென்ன? இதைத்தான் அவன் இத்தனை வருஷம் திருப்பித் திருப்பிப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறான், எந்தப் பக்கம் பூட்டினாலும் சரியாக உட்காருகிறது. அவள் முகம் தெளிவாக இருக்கிறது. மூக்குத்தி இல்லாத மூக்கு. ஈரக் கை. சாகிற வரைக்கும் அந்தப் படலையில் கையை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பாள்.

ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஊறின பிளேட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கினான், மூடியைப் போட்டான், நட்டுகளை முறுக்கினான், கிக்கரை மாட்டினான், ஆயிலை ஊற்றினான். கை தன்பாட்டுக்குச் செய்தது. வேலை முடிந்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை. தவமலர் பலகையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், பேசப்போகிறாள். பெடியன் குடிக்கிறேல்லை, உழைப்பாளி, உங்கட பிள்ளையைக் கண் கலங்க விடமாட்டம், எல்லாம் வரிசையாக வரப்போகிறது. அது வருவதற்கு முன்னால் அவன் கேட்டுவிட்டான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், வந்தது கேள்வி.

"ஆறுதலாப் போங்கன்னு உங்க ஊர்ல எதுக்குச் சொல்வீங்க?"

அவள் விளங்காமல் பார்த்தாள். "சும்மா சொல்லுறதுதான். ஆர் வெளிக்கிட்டாலும் சொல்லுவம்."

"யாருக்கு வேணாலுமா?"

"ஓம்."

"பட்டாளத்துக்காரனுக்குமா?"

இப்போது அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஒளிக்காமல் பார்த்தாள். பிறகு சுவரில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே டயர் கம்பெனிக் காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை. "நீங்கள் அங்க இருந்தனீங்களோ" என்றாள். அவன் ஸ்பானரைக் கையில் எடுத்தான். மெக்கானிக் எண்டு மட்டும்தான் மகன் சொன்னவன் என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. சேவுகனால் நிறுத்த முடியவில்லை. ரேடியேட்டர், வாளி, படலை, ஜீப், ஓம்வீர், எல்லாவற்றையும் சொன்னான், யாரையோ திட்டுகிற குரலில், நின்றுகொண்டே, ஸ்பானரை ஆட்டி ஆட்டி. அன்னலட்சுமியிடம் சொல்லாததை, ராணுவ விசாரணையில் சொல்லாததை, இந்த டயர் மேல் உட்கார்ந்திருக்கிறவளிடம் சொன்னான். வெடி இருக்குன்னு அவளுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் மெதுவாப் போகச் சொன்னா, என்றான்.

தவமலர் கைப்பையை மடியில் நேராக வைத்தாள். இல்லை என்பாள் என்று நினைத்தான். அப்பிடியெல்லாம் எங்கட சனம் செய்யாது என்பாள், அப்போது சண்டை போடலாம், சண்டை போட்டு அதோடு கல்யாணப் பேச்சையும் முடித்துவிடலாம். அவள் அவவுக்குத் தெரிஞ்சிருந்ததோ இல்லையோ எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணை என்றாள். ஆமிக்காரரோட ஆரும் வாய் திறக்கிறேல்லை, அவ சொன்னவ எண்டால், உங்களைத் தமிழ்ப் பெடியன் எண்டு நினைச்சிருப்பா என்றாள். பிறகு கேட்டாள்.

"வெடிச்சாப் பிறகு அந்த வீட்டுக்கு என்ன நடந்தது?"

அந்த வீட்டுக்கு. வெடித்த பிறகு அவன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தான், ஹெலிகாப்டர், மயக்கம், பிறகு வெள்ளைச் சுவர். அந்த வீட்டுக்கு என்ன நடந்தது. ஜீப் திரும்பி வந்திருக்கும். வந்தவர்கள் ஓம்வீரைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற முதல் வீடு, தகரப் படலை, ஈர வாளி. மேலே அவனால் போக முடியவில்லை. எத்தனை ராத்திரி அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறான், ஒரு ராத்திரிகூட ஜீப்பைத் திருப்பவில்லை. அவன் கோபத்தில் அவள் பத்திரமாக நின்றுகொண்டிருந்தாள், வயசாகாமல், ஒரு கீறல் இல்லாமல். தெரியாது என்றான். இரண்டாம் தரமும் சொன்னான். தெரியாது. தெரியாதென்றதும் மறுபடி கோபம் வந்தது, ஆனால் அதற்கு இப்போது போய் நிற்க ஓர் இடமில்லை. ஸ்பானரை பெஞ்சில் போட்டான். இவள் எதற்கு இதைக் கேட்டாள். கல்யாணம் பேச வந்தவள் கல்யாணம் பேசிவிட்டுப் போகவேண்டியதுதானே.

அவள் எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், நான் போயிட்டு வாறன் என்றாள், கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சேவுகனுக்குச் சுருக்கென்றது. இதுவரை கொடுப்பதா வேண்டாமா என்பது தன் கையில் இருப்பதாக அல்லவா இருந்தான். இப்போது அவள் வேண்டாம் என்கிறாள். ஆமிக்காரன் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று போகிறாள். ராத்திரி ரேணுகா எதிரே உட்கார்ந்து கேட்பாள், ஏன்னு மட்டும் சொல்லுங்கப்பா. தவமலர் பட்டறையைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றாள், முகாம் பஸ் பாலத்தில் திரும்புவது தெரிந்தது. இவன் துணியைக்கூட எடுக்காமல் ஆயில் கையோடு பின்னால் போனான்.

"என் பொண்ணு அப்பப் பொறக்கவே இல்லம்மா."

அவள் திரும்பினாள். "என்ர பெடியனும்தான்" என்றாள்.

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்று படியைத் தட்டினான். அவள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு இவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை இப்போது சொல்ல வேண்டும், அதற்கு அவனிடம் நல்ல குரல் ஒன்றும் இல்லை, இருக்கிற குரலில்தான் சொன்னான். "ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம். உங்க வீட்டைப் பாக்கணும்." கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதென்றால் பெண் வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று இந்தச் சீமையில் எவனுக்கும் தெரியும். அடடே மிலிட்டரி, சொல்லவே இல்ல என்று பல்லைக் காட்டினான். தவமலரின் முகம் மட்டும் இறுகியது.

"எங்கட வீட்டை எல்லாரும் வந்து பாத்திட்டினம்" என்றாள். "நீங்களும் வந்து பாருங்கோ."

கதவு சாத்திக்கொண்டது. பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. சேவுகன் அங்கேயே நின்றான். எல்லாரும் யார். ஆபீசர்கள். முகாமில் தலை எண்ண வருகிறவர்கள், பாத்திரம் எத்தனை ஆள் எத்தனை என்று பார்க்க வருகிறவர்கள், அவர்களும் இதையேதான் சொல்லிவிட்டு வருவார்கள், வீட்டைப் பார்க்கணும். சோதனை போட வருகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டு போகிறாள். ஒரே ஒரு ரூம், தகர மறைப்பு, அதை ஆமிக்காரன் வந்து அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று. எழவெடுத்த தமிழ். ஒரு தரம் வெடித்தது போதாதா. வீடு பாக்குறதுன்னா அது இல்லம்மா, அது சம்மதம்மா, என்று காலி ரோட்டைப் பார்த்துக் கத்தினான். எதிரே பஞ்சர்க் கடைக்காரன் எட்டிப் பார்த்தான், என்ன மிலிட்டரி, யார்கிட்டச் சண்டை. அவனுக்கு ஒரு கெட்ட வார்த்தையைக் கொடுத்துவிட்டு சேவுகன் பட்டறைக்குள் ஓடினான். ஸ்ப்ளெண்டர் நின்றது. ஊரான் வண்டி, ஓட்டிப் பார்க்காத கிளட்ச். ஒரே மிதியில் பிடித்துக்கொண்டது. இருக்கிற விரல்களால் கிளட்ச்சை இழுத்து, கியரைத் தட்டி, கைப்பிடியெல்லாம் ஆயிலாகி வழுக்க, ரேஷன் கடை ஸ்டாப்பில் எப்படியும் ரெண்டு பேர் ஏறுவார்கள், அங்கே பிடித்துவிடலாம் என்று பஸ்ஸின் முதுகை முறைத்துக்கொண்டே ரோட்டில் ஏறினான்.